வெறுங்கை முழம் போடாது

கேமராவைப் பார்த்துக் கையை அசைத்தாலே கணினி புரிந்துகொள்ளும் காலத்தில் கையில் பிடிக்கும் கருவி எதற்கு என்று கேட்கிறது சென்ற இதழில் வெளியான கட்டுரை. அதன் வாதங்கள் மூன்று. முதலாவது, கேமராவால் கண்டுபிடிக்கப்படும் கைக்கருவி, கணினிக்குப் பார்வை போதாத காலத்தில் ஒப்பேற்றிய தற்காலிக ஏற்பாடு. செயற்கை நுண்ணறிவு வளர வளர அது தானே மறைந்துவிடும். இரண்டாவது, வெறுங்கைதான் மனிதனுக்கு இயற்கை. மூன்றாவது, சந்தை ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மைக்ரோசாஃப்டின் கைனெக்டும் ஆப்பிளின் விஷன் புரோவும் அதற்குச் சாட்சி. இந்த மூன்றையும் அடுக்கிவிட்டு, பொறியியல் மாணவர்கள் இப்படிப்பட்ட கருவிகளை வடிவமைப்பதில் காலத்தை வீணாக்க வேண்டாம் என்று அறிவுரையோடு முடிக்கிறார் கட்டுரையாளர்.

அந்த அறிவுரை இல்லாதிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஒருவர் தவறான கருத்தை வைத்திருப்பது அவர் உரிமை. அந்தக் கருத்தை நம்பி, இறுதியாண்டுத் திட்டத்துக்குப் பொருள் தேடும் பிள்ளைகள் ஒரு நல்ல துறையைக் கைவிடுவது வேறு விஷயம். மூன்று வாதங்களும் தவறு. அதிலும் மூன்றாவது வெறும் கருத்துப் பிழை அல்ல, தகவல் பிழை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உடல் அசைவைக் கேமராவால் படிக்கும் கைனெக்ட் 2010 நவம்பரில் கடைக்கு வந்தது. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. கட்டுரையாளர் கதையை இங்கேயே நிறுத்திக்கொண்டார். பின்கதையைத் தெரிந்தே விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். 2013 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் விளையாட்டுப் பெட்டியுடன் கைனெக்டைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு விற்றார்கள். ஏழே மாதத்தில், 2014 ஜூனில், கைனெக்ட் இல்லாத பெட்டியை 399 டாலருக்கு இறக்கினார்கள். 2017-இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். இடையில் 2012-இல் ‘ஸ்டீல் பட்டாலியன்: ஹெவி ஆர்மர்’ என்றொரு விளையாட்டு வந்தது. அதன் முன்னோடி 2002-இல் சுமார் 40 பொத்தான்கள் கொண்ட பிரம்மாண்டமான கைப்பலகையோடு விற்கப்பட்டது. புதியதிலோ, இயந்திரத்தின் உள்ளே இருக்கும் நெம்புகோல்களைக் காற்றில் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். ஒன்றைப் பிடிக்கப் போனால் இன்னொன்று இயங்கியது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இதுதான் கட்டுரையாளர் கொண்டுவந்த முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சியின் நிலை இதைவிட மோசம். விஷன் புரோ தலையணி 2024 பிப்ரவரியில் கைக்கருவி இல்லாமல் வந்தது உண்மை. கண்ணால் நோக்கி, இரு விரலைச் சேர்த்துக் கிள்ளினால் போதும் என்றார்கள். அதே ஆப்பிள் 2025-இல் அந்தத் தலையணிக்கான இயங்குதளமான விஷன் ஓ.எஸ். 26-ஐ வெளியிட்டபோது சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 சென்ஸ் கைக்கருவிகளும், லாஜிடெக் நிறுவனத்தின் மியூஸ் என்ற பேனாவும் அதில் வேலை செய்ய வழி செய்தது. போட்டி நிறுவனமான சோனியின் கருவிக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட ஆப்பிளுக்கு என்ன கட்டாயம்? விரல்களால் முடியாத வேலை இருந்தது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. 2007-இல் ஐபோனை அறிமுகப்படுத்தும்போது பேனா யாருக்கு வேண்டும் என்று மேடையில் கேட்டவர் ஸ்டீவ் ஜாப்ஸ். அவர் நிறுவனமே 2015-இல் ஆப்பிள் பென்சிலை விற்றது. தொடுவதற்கு விரல் போதும் என்பது சரியாகவே இருந்தது, வரைவதற்குப் போதவில்லை.

மெட்டாவின் குவெஸ்ட் தலையணியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஏன் இல்லை என்று எனக்குப் புரிகிறது. 2019 முடிவிலேயே அதில் வெறுங்கையைக் கண்டறியும் வசதி வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த குவெஸ்ட் 2-உம், 2023-இல் வந்த குவெஸ்ட் 3-உம் பெட்டிக்குள் இரண்டு கைக்கருவிகளோடுதான் வந்தன. கருவியை அவர்கள் எடுக்கவில்லை. அதன் தலையில் இருந்த வளையத்தைத்தான் எடுத்தார்கள். அந்த வளையம் அலங்காரத்துக்கு இருந்ததல்ல. கருவியை எந்தப் பக்கம் திருப்பினாலும் சில அகச்சிவப்பு எல்.இ.டி.களாவது தலையணியின் கேமராக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இருந்தது. 2022-இல் வந்த குவெஸ்ட் புரோவில் இதையே தலைகீழாக மாற்றினார்கள்: ஒவ்வொரு கைக்கருவிக்குள்ளும் மூன்று கேமராக்களை வைத்து, அது அறையைப் பார்த்துத் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும்படி செய்தார்கள். சாகப்போகும் துறையில் யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை.

‘வெறுங்கைதான் எதிர்காலம்’ என்பதும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் மைரன் குரூகர் 1970-களிலேயே ‘வீடியோபிளேஸ்’ என்ற பெயரில், கேமரா முன் நிற்பவரின் உடல்நிழலையே கணினிக்கான உள்ளீடாக மாற்றிக் காட்டினார். 2003-இல் சோனி வெளியிட்ட ஐடாய், தொலைக்காட்சி மேல் வைத்த சிறு கேமராவின் முன் கையை வீசி விளையாடுவது. அதற்குப் பின்னால் இருந்தவர் ரிச்சர்ட் மார்க்ஸ். வெறுங்கை, வெறும் உடல், ஒரு கேமரா என்று பல ஆண்டுகள் உழைத்த அதே மனிதர்தான் 2010-இல் பிளேஸ்டேஷன் மூவ் கருவியில் ஒளிரும் பந்தைப் பொருத்திக் கையில் கொடுத்த குழுவின் முகமாகவும் இருந்தார். வெறுங்கையின் எல்லையை அவரைவிட நெருங்கிப் பார்த்தவர் யார்? கட்டுரையாளர் நாளைக்கு வரப்போகிறது என்று சொல்லும் இடத்தை மார்க்ஸ் ஏற்கெனவே கடந்து, அதன் போதாமையைக் கண்டு, கருவிக்கு வந்து சேர்ந்தார்.

இனி முதல் வாதம். கணினிப் பார்வை வளர்ந்தால் கருவி தேவைப்படாதாம். இதை எழுதியவர் கேமராவில் படம் எப்படி விழுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்த வரியை அடித்திருப்பார்.

வேகமாக வீசும் கை நொடிக்கு 2 மீட்டர் சர்வசாதாரணமாகப் போகும். சாதாரண அறை வெளிச்சத்தில் வெப்கேம் ஒரு படத்துக்கு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால், அந்த நேரத்துக்குள் கை 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். படத்தில் விரல்கள் இருக்காது. ஒரு மங்கல் தீற்றல் இருக்கும். படத்தில் பதியாத விரலை எந்த நுண்ணறிவும் படத்திலிருந்து எடுக்க முடியாது; பழைய அசைவுகளை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். கையில் இருப்பது தானே ஒளிரும் பொருள் என்றால் இந்தத் திறப்பு நேரத்தை, அதாவது எக்ஸ்போஷரை, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடலாம். அதே வேகத்தில் நகர்வு 2 மி.மீ. மட்டுமே. கூடவே அறையின் மற்ற பொருள்களெல்லாம் இருண்டுபோய், ஒளிப்புள்ளி மட்டும் தனித்து நிற்கும். கை தானாக ஒளிர்வதில்லை. அதன்மேல் நாமே அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சலாம். 2013-இல் வந்த லீப் மோஷன் அதைத்தான் செய்தது. தூரம் இரட்டித்தால் கைமேல் விழும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். அதனால்தான் அந்தச் சாதனம் தனக்கு அருகிலுள்ள கையை மட்டுமே பார்த்தது.

மூவ் கருவியில் ஏன் பந்து? கட்டுரையாளர் அதை ‘விளக்குப் பொம்மை’ என்கிறார். அந்தப் பொம்மைக்குள் இருக்கும் யோசனையைப் பார்ப்போம். பந்தை எப்படித் திருப்பினாலும் அதன் உருவம் மாறாது. ஆகவே கேமரா இரண்டே கேள்விக்கு விடை தேடினால் போதும்: பந்து படத்தில் எங்கே, எவ்வளவு பெரிது? ‘எங்கே’ என்பது பக்கவாட்டு இடத்தைச் சொல்லும். ‘எவ்வளவு பெரிது’ என்பது தூரத்தைச் சொல்லும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை உள்ளே இருக்கும் ஜைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் காந்தமானியும் சேர்ந்து சொல்லிவிடும்.

கணக்குப் போட்டால் இதில் உள்ள சிக்கலும் தெரியும். பந்தின் விட்டம் ஏறக்குறைய 4.5 செ.மீ. பிளேஸ்டேஷன் ஐ கேமராவின் படம் 640 பிக்சல் அகலம். குறுகிய பார்வைக் கோணம் 56 பாகை. 2 மீட்டர் தள்ளி நின்றால் பந்து படத்தில் பதின்மூன்று, பதினான்கு பிக்சல் அகலம்தான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு பிக்சல் தவறினால் பிழை 3 மி.மீ. சொச்சம். விட்டத்தை அளப்பதில் ஒரு பிக்சல் தவறினாலோ தூரத்தில் கிட்டத்தட்ட 15 செ.மீ. பிழை. அதனால் விளிம்பைப் பிக்சலின் சிறு பின்னம்வரை அளக்க வேண்டும். விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், பந்து முழுக்க ஒரே சீராக ஒளிர வேண்டும், அறையில் வேறெங்கும் இல்லாத நிறத்தை அது தேர்ந்தெடுத்து ஒளிர வேண்டும். மூவ் பந்தின் நிறம் மாறுவது இதற்காகத்தான்.

என் மாணவர்கள் மேசைப்பந்து ஒன்றைத் துளைத்து, உள்ளே மூவண்ண எல்.இ.டி. வைத்து, மலிவான வெப்கேம் முன் ஆட்டிப் பார்த்தார்கள். பந்து பச்சையாக ஒளிர்கிறது; திரையில் வெள்ளையாகத் தெரிகிறது. நிரலில் பிழை தேடி மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிழை நிரலில் இல்லை. அறை இருட்டாக இருந்ததால் கேமரா தானாகவே எக்ஸ்போஷரைக் கூட்டியிருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தைத் தொட்டு நிரம்பி, பந்தின் நடுவே வெள்ளையும் ஓரத்தில் மட்டும் ஒரு பச்சை வளையமும் மிஞ்சின. தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துக் கையால் குறைத்தவுடன் பந்து பச்சையானது. அடுத்து, பந்தை வேகமாக வீசினால் வட்டம் கோணலாகிறது. மலிவான கேமரா படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் வரி வரியாக மேலிருந்து கீழே படிக்கிறது. அது கீழ்வரிக்கு வருவதற்குள் பந்து நகர்ந்துவிடுகிறது. இந்த இரண்டு பாடத்தையும் எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்காது. இதைத்தான் காலவிரயம் என்கிறார் கட்டுரையாளர்.

கேமராவின் அடுத்த பலவீனம் மறைப்பு. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாலோ, ஒரு கை மறுகையை மறைத்தாலோ கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது கருவிக்குள் இருக்கும் உணரிகள், நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அசைவைப் படித்து இடைவெளியை நிரப்புகின்றன. அவையும் தனியாக நீண்ட நேரம் தாக்குப்பிடிக்காது. முடுக்கத்தை அளப்பதில் புவியீர்ப்பின் நூற்றில் ஒரு பங்கு பிழை இருந்தால், ஒரு நொடியில் இடம் 5 செ.மீ. தவறும், இரண்டு நொடியில் 20 செ.மீ.; ஐந்து நொடியில் ஒன்றேகால் மீட்டர். ஆகவே கேமரா திரும்பப் பார்த்தவுடன் பிழையைத் திருத்த வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும் இந்தக் கூட்டுதான் இந்தத் துறையின் உயிர். வெறுங்கைக்குள் ஜைரோஸ்கோப் இல்லை. நுண்ணறிவு எவ்வளவு வளர்ந்தாலும் அது முளைக்கப் போவதில்லை.

இன்னும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. கேமராவின் பார்வை நாளைக்கே குறையற்றதாகிவிட்டது, விரல் ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாமல் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதற்குத் தெரியப்போவது கை எங்கே இருக்கிறது என்பதுதான். அந்த அசைவைக் கணினிக்காகச் செய்தீர்களா, மூக்கைச் சொறியச் செய்தீர்களா என்பது தெரியாது. கணினி ஆய்வாளர் பில் பக்ஸ்டன் 1990-லேயே உள்ளீட்டுக் கருவிகளை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்: கருவி கணினியின் எல்லைக்கு வெளியே இருப்பது, சுட்டி மட்டும் நகர்வது, பொருளைப் பிடித்து இழுப்பது. மவுஸைச் சும்மா நகர்த்தினால் ஒரு நிலை. பொத்தானை அழுத்தி நகர்த்தினால் இன்னொரு நிலை. இந்த மாற்றத்தை ஐயமில்லாமல் சொல்வது பொத்தான். காற்றில் அசையும் கைக்கு இந்த எல்லைக்கோடு இல்லை. விரலைக் கிள்ளச் சொல்லலாம், கையை ஒரு நொடி அசையாமல் வைக்கச் சொல்லலாம். இரண்டுமே இல்லாத பொத்தானுக்கு மாற்று ஏற்பாடுகள். தற்காலிக ஏற்பாடு என்ற பட்டம் யாருக்குப் பொருந்தும் என்று கட்டுரையாளர் மறுபடி யோசிக்கட்டும்.

இந்தப் பொத்தானின் அருமையை, கணினி ஆய்வாளர் ஜானி சங் லீ செய்த வெண்பலகையைப் போல வேறெதுவும் காட்டவில்லை. நின்டெண்டோவின் வீ ரிமோட் 2006-இல் வந்தது. அதன் மூக்கில் ஒரு அகச்சிவப்புக் கேமரா. நான்கு ஒளிப்புள்ளிகள்வரை கண்டுபிடித்து, படத்தை அனுப்பாமல் அவற்றின் இருப்பிடத்தை மட்டும் அனுப்பும். தொலைக்காட்சி மேல் வைக்கும் ‘சென்சார் பார்’ எதையும் உணர்வதில்லை; அது வெறும் அகச்சிவப்பு விளக்குகள். அதற்குப் பதிலாக இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தாலும் ரிமோட் வேலை செய்யும். லீ அந்த ரிமோட்டை அசையாமல் நிறுத்தி, சுவரில் விழும் புரொஜெக்டர் படத்தை நோக்கித் திருப்பினார். கையில் ஒரு பேனா: அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்று, பேட்டரி ஒன்று, பொத்தான் ஒன்று. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும்; கேமரா கண்டுகொள்ளும்; சுவரில் கோடு விழும். விட்டால் அணையும், கோடு நிற்கும். ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள மின்பலகையின் வேலையை ஒரு விளையாட்டு ரிமோட்டும் பேனாவும் செய்தன. 2008-இல் டெட் மேடையில் அவர் இதைக் காட்டிய பிறகு உலகெங்கும் ஆசிரியர்கள் தாங்களே செய்து வகுப்பில் பயன்படுத்தினார்கள். கைக்கருவி விலையைக் கூட்டுகிறது என்று புலம்பும் கட்டுரையாளர், அந்தப் பேனாவின் மூன்று உதிரிகளை ஊர் மின்னணுக் கடையில் விலை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

‘வெறுங்கைதான் இயற்கை’ என்ற வாதம் காதுக்கு இனிமையானது. உள்ளே ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் அறிஞர் ஜான் நேப்பியர் 1956-இல் மனிதக் கையின் பிடிகளை இரண்டாக வகுத்தார்: சுத்தியலைப் பிடிப்பது போன்ற வலுப்பிடி, எழுதுகோலைப் பிடிப்பது போன்ற நுண்பிடி. இரண்டிலுமே கைக்குள் ஒரு பொருள் இருக்கிறது. ஓலையில் எழுதியவர்கள் நகத்தால் கீறவில்லை, எழுத்தாணியைப் பிடித்தார்கள். பிடிக்கப் பொருள் இருக்கும்போதுதான் விரல்கள் அதன்மேல் ஊன்றி நிற்கின்றன, எடை தெரிகிறது, முனை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிகிறது. மூவ் கருவி வலுப்பிடிக்கானது. மியூஸ் பேனா நுண்பிடிக்கானது. எந்த வேலைக்கு எந்தப் பிடி என்று தீர்மானிப்பதே வடிவமைப்பாளரின் முதல் வேலை. எதையும் பிடிக்காமல் கையைத் தோளுயரத்தில் நீட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல்வதில் எந்த இயற்கையும் இல்லை. கட்டுரையாளர் ஒரு கடிதத்தையாவது அப்படி எழுதிப் பார்த்துவிட்டுத் தோளைக் கேட்கட்டும்.

வெறுங்கைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அறுவை அரங்கில் கிருமி நீக்கிய கையுறையோடு நிற்கும் மருத்துவர் எதையும் தொடாமல் ஸ்கேன் படத்தைத் திருப்ப வேண்டும். அங்கே அது சரியான தீர்வு. பொது இடத்தில் வைத்த கருவி களவு போகலாம், பேட்டரி தீர்ந்து போகலாம் என்று கட்டுரையாளர் சொல்வதும் நியாயமே. ஆனால் ஒரு வேலைக்குப் பொருந்துவதை எல்லா வேலைக்குமான சட்டமாக நீட்டுவது பொறியியல் அல்ல, பிரசாரம்.

நீட்டியதோடு நிற்காமல், இளையவர்களை இந்தப் பக்கமே வராதீர்கள் என்கிறார். இந்தச் சிறு கருவிக்குள் ஒளியியல், மின்னணுவியல், சமிக்ஞைக் கணக்கு, கையின் உடற்கூறு, பிளாஸ்டிக் வார்ப்பு எல்லாமே இருக்கின்றன. ஐந்து துறைப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய திட்டங்கள் நம் கல்லூரிகளில் எத்தனை இருக்கின்றன? எல்லாவற்றுக்கும் யாரோ பயிற்றுவித்த மாதிரியை இறக்கிக்கொண்டு, கேமரா முன் கையை ஆட்டி மதிப்பெண் வாங்குவது சுலபம். அதில் அவர்கள் எதையும் அளக்கவில்லை, எதையும் செய்யவுமில்லை.

இந்த ஆண்டு இறுதியாண்டுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்.இ.டி.யும் பொத்தானும் கேமராவும் வைத்து ஒரு கைக்கருவி செய்கிறோம் என்று மாணவர்கள் வந்து நின்றால், சென்ற இதழ்க் கட்டுரையைக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள். கருவியைக் கையில் வாங்கி, எக்ஸ்போஷர் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேளுங்கள்.